தவறான சர்ச்சைப் பற்றி நாற்பத்திரண்டு ஸ்லைடுகள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் "தெரியும்" என்று சொல்லிவிடுவேன். சிப் டிசைன் வேலையில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியதில் பிடித்துக்கொண்ட வியாதி. மீட்டிங்கில் "எனக்குத் தெரியாது" என்று சொன்ன எவனும் மேனேஜர் ஆனதை நான் பார்த்ததில்லை. முதலில் தெரியும் என்று சொல்லிவிட வேண்டும், பிறகு பாத்ரூமுக்குப் போய் ஃபோனில் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆபீசுக்கு இது சரிப்பட்டு வந்தது. வீட்டுக்கும் அதையே கொண்டுவந்ததுதான் தப்பு. டாக்டர் ஒருமுறை "உங்க சுகர் லெவல்..." என்று ஆரம்பித்தபோதும் தெரியும் என்றுதான் சொன்னேன். சத்தியமாகத் தெரியாது.

இன்னொரு வியாதி எனக்கு மட்டும் சொந்தமில்லை, எங்கள் ஜனத்துக்கே பொது. ஊரைப் பெருக்கிச் சொல்வது. நான் பிறந்தது திண்டிவனத்துக்கும் உள்ளே தள்ளி. அமெரிக்காவில் யார் கேட்டாலும் சென்னை. இருப்பது கலிபோர்னியாவில் டப்ளின் என்கிற சின்ன ஊரில். சென்னையில் யார் கேட்டாலும் சான் பிரான்சிஸ்கோ. டப்ளின் என்று உண்மையைச் சொன்னால் "அயர்லாந்துக்கு எப்ப மாத்திக்கிட்டு போனீங்க?" என்று கேட்பார்கள், அதற்கு யார் பதில் சொல்லிக்கொண்டிருப்பது? டெக்ஸஸில் இருக்கிற என் அக்காவும் அப்படித்தான். வீடு பேர்லேண்டில், மீனாட்சி கோயிலுக்கு ஏழு நிமிஷ டிரைவ். ஆனால் ஃபோனில் அவள் எப்போதும் ஹூஸ்டன்காரி. இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நாங்கள் நினைப்பதில்லை. கேட்கிறவருக்குச் செய்கிற ஒரு சௌகரியம், அவ்வளவுதான்.

இந்த இரண்டு வியாதியும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை என் ஒரே மகளின் கல்யாணத்தில் கண்டுகொண்டேன்.

மகள் மேல்படிப்புக்கு பின்லாந்து போனாள். தலைநகர் ஹெல்சின்கியில் இரண்டு வருடப் படிப்பு. பக்கத்து ஊரான லிவர்மோர் கோயிலில் யாராவது அங்கிள் "பொண்ணு எங்க?" என்று கேட்பார், நான் "ஹெல்சின்கி" என்பேன், அவர் "ஓ, ஸ்வீடன்" என்பார், நான் திருத்துவேன். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. படிப்பு முடிகிற சமயத்தில் ஒரு நாள் ஃபோன் பண்ணி, அந்த நாட்டுப் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். நான் வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரியும் என்று சொல்லவில்லை. ஃபோனை மனைவியிடம் கொடுத்துவிட்டு கார் கழுவப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் அவளோடு பேசவில்லை. ஏன் என்று கேட்டால் இப்போது வெட்கமாக இருக்கிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயம். லிவர்மோர் கோயில் சாப்பாட்டுக் கூடத்தில் அந்த நாலு பேரும் என் எதிரில் உட்கார்ந்துதான் புளியோதரை சாப்பிட்டார்கள். மனைவி அவர்களிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தும்விட்டாள். "அப்படியா, கங்கிராட்ஸ், இன்னும் கொஞ்சம் தயிர் சாதம் கிடைக்குமா பாருங்க" என்றார்கள். அவ்வளவுதான் அந்த நாலு பேர். ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. வீம்பு பிடித்தவனுக்குக் காரணம் எதற்கு?

அந்த எட்டு மாதமும் மனைவி தினமும் அவளோடு பேசினாள். "அவ வேலை மாறியிருக்கா, வீடு மாறியிருக்கா..." என்று எனக்கு ஏதாவது சொல்ல வருவாள். நான் "என்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்று டிவி சத்தத்தைக் கூட்டுவேன். மகள் எனக்கும் அவ்வப்போது வாட்ஸப்பில் செய்தி அனுப்புவாள். நான் பதில் எழுதமாட்டேன். ஆனால் முழுக்க மரியாதை இல்லாமல் போகக் கூடாதே என்று ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் அழுத்திவிடுவேன். படித்தேனா? பாதிதான். படம் இருந்தால் திறக்கவே மாட்டேன். திறந்தால் அழுதுவிடுவேனோ என்று பயம்.

ஒரு சனிக்கிழமை காலை அவளே கூப்பிட்டாள். மனைவி ஃபோனை என் காதில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஜூன்ல சர்ச் வெட்டிங். ஆவணியில லிவர்மோர்ல நம்ம வெட்டிங். சர்ச்ல... வில் யூ வாக் வித் மீ?"

வாசலிலிருந்து பலிபீடம் வரை அப்பா பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற நடை. அவள் கேள்வியை முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

"எந்த சர்ச்னு உங்களுக்குத் தெரியும்ல? தி கதீட்ரல். நான் சொன்னேனே, அதே."

"தெரியும்மா, தெரியும்" என்றேன். பிறகு கராஜுக்குப் போய் வாஷிங் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். எட்டு மாதம் பேசாத அப்பனிடம் ஒரு பெண் இப்படிக் கேட்கிறாள் என்றால் அவளுக்கு எத்தனை பெரிய மனசு. இந்த ஒரு காரியத்தையாவது சொதப்பாமல் செய்துவிட வேண்டும் என்று அங்கேயே நின்று முடிவு செய்தேன்.

சொதப்பாமல் செய்ய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். படிப்பது, ஸ்லைடு போடுவது.

ஹெல்சின்கி கதீட்ரல் என்று தட்டினேன். வந்து விழுந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு கட்டடம், தலையில் பச்சை நிறத்தில் கும்மட்டம், எதிரே ஒரு பெரிய சதுக்கம், அதிலிருந்து மலை ஏறுகிற மாதிரி படிகள். பார்த்ததும் மயங்கிவிட்டேன். அடுத்த ஆறு வாரம் சான் ஹோசே ஆபீசுக்குப் போக வர 680 ஃப்ரீவேயில் அந்த சர்ச்சைப் பற்றிய யூடியூப் பேச்சுதான் காரில் ஓடியது. அது கட்டப்பட்டபோது பின்லாந்து ரஷ்யாவின் கையில் இருந்தது. ரஷ்யச் சக்கரவர்த்திக்கு மரியாதை செய்ய அவர் பெயர் கொண்ட புனிதருக்கே சர்ச்சை அர்ப்பணித்தார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் அந்தப் பெயர் போய்விட்டது. மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி போலச் சம நீளத்தில் நான்கு கைகள். நான்கு பக்கமும் தூண் வரிசை, முக்கோண முகப்பு.

என்னை உருக்கியது அதைக் கட்டியவரின் கதைதான். ஜெர்மனியிலிருந்து வந்த கட்டடக் கலைஞர். தன் வாழ்நாளில் பாதியை அந்த ஊருக்கே கொடுத்தவர். சர்ச் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் சும்மா இருந்தாரா? நடுக் கும்மட்டத்தைச் சுற்றி நான்கு மூலையிலும் நான்கு குட்டிக் கும்மட்டங்களை வைத்தார். கூரை மேல் துத்தநாகத்தில் பன்னிரண்டு சீடர்களின் சிலைகளை நிறுத்தினார். முதலாமவர் கட்டியிருந்த காவல் வீட்டை இடித்துத்தான் அந்தப் பிரமாண்டமான படிகளே வந்தன. என் ப்ராஜக்ட்டை எடுத்துக்கொண்டு போன அடுத்த மேனேஜர்கள் எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள். அதற்குத் தனியாக ஒரு ஸ்லைடு போட்டேன்.

சிலைகளைப் பார்த்ததும் லிவர்மோர் கோயில் கோபுரம் ஞாபகம் வர, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு மூன்று ஸ்லைடு. உள்பாதையின் நீளத்தை வரைபடத்திலிருந்து கணக்குப் போட்டு, பின்கட்டில் சாக்பீசால் கோடு போட்டேன். எங்கள் பின்கட்டு அவ்வளவு நீளம் இல்லாததால் வேலியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. மணப்பெண்ணுக்குப் பதில் மனைவி. துவைத்த துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து நடப்பாள்.

"ஹோட்டல் சர்ச் பக்கத்துலதானே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நடந்தே போகலாம்" என்றேன்.

எங்கள் வீட்டில் டிக்கெட், ஹோட்டல் எல்லாம் என் இலாகா. பட்டுப்புடவை, சீர், உறவுக்காரர்கள் மனஸ்தாபம் எல்லாம் அவள் இலாகா. ஒருவர் இலாகாவில் ஒருவர் தலையிடுவதில்லை. அவள் சர்ச் என்றாள், நானும் சர்ச் என்றேன். இரண்டு பேரும் இரண்டு வேறு சர்ச்சில் நடந்துகொண்டிருந்தோம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, வரப்போகிற உறவுக்காரர்களுக்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜூம் மீட்டிங் வைத்தேன். எங்களுக்கு ஒன்பது மணி, பேர்லேண்டில் அக்காவுக்கு பதினொன்று, பின்லாந்தில் மகளுக்கு மாலை ஏழு. தலைப்பு, 'நாம் போகும் பேராலயம்: வரலாறும் கட்டடக் கலையும்'. நாற்பத்திரண்டு ஸ்லைடு. கல்யாணத்துக்குப் போகிறவனுக்கு எதற்கடா இவ்வளவு என்று யாராவது தடுத்திருக்கலாம். தடுத்திருந்தால் தெரியும் என்று சொல்லியிருப்பேன்.

பதினேழாவது ஸ்லைடு வரை அமர்க்களமாகப் போனது. படிகளின் படம். அக்கா மைக்கைத் திறந்து, "ஏண்டா, இவ்ளோ படி ஏறணுமா? எனக்கு முட்டி வலி, லிஃப்ட் இருக்கா கேளு" என்றாள். நான் பக்கவாட்டு வழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது மகள் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை. நல்ல உயரம், நல்ல பையன். தமிழ் புரியாவிட்டாலும் படம் புரிந்திருக்க வேண்டும், அவர் புருவம் முதலில் உயர்ந்தது.

மகள் மைக்கைத் திறந்தாள். "அப்பா."

"சொல்லும்மா, கேள்வியெல்லாம் கடைசியில."

"அப்பா, வேர் டூ ஐ லிவ்?"

நான் சிரித்தேன். "பின்லாந்துல."

"எந்த ஊர்ல?"

"ஹெல்சின்கி."

சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடிவந்து என் பின்னால் நின்றாள். "என்னது?" என்றாள்.

மகள் லேப்டாப்பைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஜன்னலுக்கு வெளியே மரங்களுக்கு மேல் ஒரு சர்ச் நின்றது. சாம்பல் நிறப் பாறாங்கல். உயரம் ஒத்துப்போகாத கோபுரங்கள், சிவப்புக் கூரை. வெள்ளை இல்லை, பச்சைக் கும்மட்டம் இல்லை, மலைபோல் படி ஒன்றும் இல்லை.

"நான் தம்பெரேவுக்கு மூவ் பண்ணி ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. ஹெல்சின்கியிலேருந்து ட்ரெயின்ல வரணும். இதுதான் கதீட்ரல். வெட்டிங் இங்கதான்."

"தாம்பரமா?" என்றாள் அக்கா.

அந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன சொல்ல வேண்டும்? "மன்னிச்சுக்கோம்மா, தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் தானாகத் திறந்தது.

"தெரியும்மா. அதைப் பத்திதான் அடுத்த ஸ்லைடு."

சொன்னதோடு நிற்காமல் பொத்தானையும் அழுத்தித் தொலைத்தேன். பதினெட்டாவது ஸ்லைடில் துத்தநாகச் சீடர்கள் பன்னிரண்டு பேரும் ஹெல்சின்கி கூரையிலிருந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகளின் சதுரம் கறுப்பாகி, மறைந்தது. சென்னையிலிருந்து யாரோ "நெட் போயிடுச்சு போல" என்றார்கள்.

மீட்டிங்கை மூடியதும் மனைவி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் ஃபோனை எடுத்து, வாட்ஸப்பில் மகள் பெயரைத் திறந்து, மேலே மேலே தள்ளிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நிறுத்தி என் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நான் பேசாமல் இருந்த எட்டு மாதத்தின் நடுவில் ஒரு செய்தி. தமிழை ஆங்கில எழுத்தில்தான் அவள் எழுதுவாள். "அப்பா, புது வேலை கிடைச்சிருக்கு, தம்பெரேவுக்கு வந்துட்டேன். இது புது வீட்டு அட்ரஸ். கிச்சன் ஜன்னல்ல பாருங்க என்ன தெரியுதுன்னு!" கீழே ஒரு படம். அதற்கும் கீழே என் கட்டைவிரல்.

படத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திறந்தேன். பனி கொட்டிக் கிடக்கிறது. பிரிக்காத அட்டைப் பெட்டிகள். ஜன்னலில் அதே பாறாங்கல் சர்ச். ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் மங்கலாக, ஃபோனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. செருப்பால் அடித்தாலும் அவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு நாள் அவள் ஃபோனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தாள்.

"ஹோட்டலை மாத்திட்டேன்மா" என்று ஆரம்பித்தேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஐ ஆம் நாட் மேட் அபௌட் தி ஹோட்டல், அப்பா. ஊர் தெரியலைன்னா கேட்டிருக்கலாம். காட்டினதுக்கு அப்புறமும் தெரியும்னு சொன்னீங்களே, அது."

"தப்புதாம்மா."

"வாக்கிங் பத்தி... லெட் மீ திங்க். மேபி அம்மா வரட்டும்."

சரி என்று மட்டும் சொன்னேன்.

"ஒண்ணே ஒண்ணு. இந்த சர்ச்சைப் பத்தி எதுவும் படிக்காதீங்க. கூகுள் பண்ணக் கூடாது. வந்து பாருங்க. நான் சொல்றேன்."

என்னைப் போன்ற ஒருவனை ஒரு மாதம் கூகுள் செய்யாமல் இருக்கச் சொல்வது சாமானியத் தண்டனை இல்லை. ஆபீசில் உட்கார்ந்து ஊர்ப் பெயரின் முதல் நான்கு எழுத்தைத் தட்டுவேன், அழிப்பேன். அக்கா, "டேய், அந்த சர்ச்சுக்குள்ள ஒரு..." என்று ஆரம்பித்தால் "அக்கா, ப்ளீஸ், சொல்லிடாத" என்று கத்துவேன். ஒருநாள் தாங்க முடியாமல், சர்ச்சைத்தானே படிக்கக் கூடாது, கருங்கல்லைப் படிக்கலாமே என்று பின்லாந்துக் கருங்கல் வகைகளைப் படித்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "வெக்கமா இல்லை?" என்றாள். மூடி வைத்தேன்.

ஜூனில் போய் இறங்கினோம். முதல் நாளுக்கான ஹெல்சின்கி ஹோட்டலை மட்டும் ரத்து செய்யாமல் வைத்திருந்தேன். மனைவி தூங்கி ஓய்வெடுக்க, நான் தனியாக அந்த வெள்ளை சர்ச்சைப் பார்க்கப் போனேன். எல்லாம் என் ஸ்லைடில் இருந்தபடியே இருந்தன. குட்டிக் கும்மட்டங்கள் நான்கு. சீடர்கள் பன்னிரண்டு பேர், ஒருவர்கூடக் குறையவில்லை. படியில் உட்கார்ந்து பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒவ்வொரு மூலையின் சரித்திரமும் தெரிந்திருந்தது, சொல்வதற்குப் பக்கத்தில் ஆளில்லை. பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் தம்பெரே ஸ்டேஷனுக்கு மகள் வந்திருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னையும் கட்டிக்கொண்டாள், கொஞ்சம் சுருக்கமாக. நடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மத்தியானம் அம்மா புடவைகளைப் பிரித்து வைக்க, மகள் என்னை மட்டும் சர்ச்சுக்குக் கூட்டிப் போனாள்.

"ரூல் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. எதுவும் படிக்கலை. 'தெரியும்'ங்கிற வார்த்தையைச் சொல்லவும் மாட்டேன்."

வெளியே ஒழுங்காக இழைக்காத கருங்கல். ஹெல்சின்கி சர்ச் சலவைக்குப் போய்வந்த வேட்டி என்றால் இது மழையில் நனைந்த கம்பளி. கையை வைத்தால் சொரசொரவென்று குத்தியது. அவள் சொல்ல ஆரம்பித்தாள். ரஷ்யா இன்னும் ஆண்டுகொண்டிருந்த காலத்தில், எங்களுக்கென்று ஒரு பாணி வேண்டும், இந்த மண்ணின் கல்லில் வேண்டும் என்று நினைத்தவர்கள் கட்டியது. போட்டி வைத்து, ஜெயித்த ஓர் இளம் கட்டடக் கலைஞரிடம் கொடுத்தார்கள். முதலில் இது வெறும் சர்ச்தான். பிஷப் பல வருடம் கழித்துத்தான் இந்த ஊருக்கு வந்தார், பேராலயம் என்ற பட்டம் அதற்கப்புறம்.

உள்ளே போனோம். ஏறக்குறைய சதுரமான பெரிய கூடம், மூன்று பக்கமும் மாடம். கூரையின் உச்சியில், சிவப்புப் பின்னணியில், வாயில் ஆப்பிளைக் கவ்விக்கொண்டு சிறகு முளைத்த ஒரு பாம்பு. சாமி இருக்க வேண்டிய இடத்தில் பாம்பு!

"இது ஏம்மா இங்க?" என்றேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நான் பதில் தெரியாமல் கேட்ட கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

அவள் முகம் மாறியது. "ரைட்? அப்பவும் எல்லாரும் அதான் கேட்டாங்க. அழிச்சிடலாம்னு பெரிய சண்டை. பட் தே கெப்ட் இட்." பாவம் எப்போதும் தலைக்கு மேல் இருக்கிறது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்களாம். ஓவியர் தானே ஒரு விளக்கமும் எழுதி ஒட்டிவிட்டுப் போகவில்லையாம். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போயிற்று. நாற்பத்திரண்டு ஸ்லைடு போடாத மனிதர்.

அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். கறுப்பு அங்கி போட்ட எலும்புக்கூடுகள் பூச்செடி வளர்க்கிற படம். கண்ணில் கட்டுப் போட்ட தேவதையை இரண்டு பையன்கள் தூக்குக் கட்டிலில் வைத்துத் தூக்கிப் போகிற படம். மாடத்தின் முன்பக்கச் சுவர் நெடுக, பன்னிரண்டு பையன்கள் ஒரே ஒரு நீளமான ரோஜாக் கொடியைத் தோளிலும் கையிலும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் உடம்பிலும் பொட்டுத் துணி இல்லை. அக்கா சொல்ல வந்தது இதைத்தான் என்று அப்போது புரிந்தது.

இங்கேயும் பன்னிரண்டு பேர். என் பேச்சில் சரியாக இருந்தது அந்த ஒரு எண்ணிக்கைதான். அதைச் சொல்ல நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். சாமிக்குச் சாத்துகிற ஆளுயர மாலையை நாலு பேர் தூக்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். இது முடிவே இல்லாத மாலை.

"எல்லாரும் ஒரே மாதிரி தூக்கலையே?" என்றேன்.

"யெஸ்! அதான் எனக்குப் பிடிக்கும். அந்தப் பையனுக்கு வெயிட்டே தெரியலை. இவனுக்கு ரொம்பக் கஷ்டம், பாருங்க. முள் வேற குத்துது. பட் கீழ போட முடியாது. போட்டா மத்தவங்க எல்லாரோடதும் விழுந்துடும்."

நான் அந்தக் கஷ்டப்படுகிற பையனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் என் பங்கையும் சேர்த்து இவளும் இவள் அம்மாவும் தூக்கியிருக்கிறார்கள். நான் கீழே போட்டுவிட்டுக் கார் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன். இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். "காலு வலிக்குது, உக்காரலாமா?" என்றுதான் வாயில் வந்தது.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் அவள் வீட்டில் சாப்பாடு. ஏழு மணிக்கும் வெயில் நம் ஊர் மத்தியானம் மாதிரி அடித்தது. சாப்பிட்டு முடித்ததும் மனைவியும் மகளும் உள்அறையில் நகைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை எனக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்துவிட்டு, பாத்திரம் துலக்கிவிட்டுப் போனார். நான் கிச்சன் ஜன்னல் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எதிரே மரங்களுக்கு மேல் அந்த சர்ச். விடிந்தால் கல்யாணம். நான் நடக்கிறேனா, மனைவி நடக்கிறாளா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

ஃபோனை எடுத்தேன். அந்தப் பழைய செய்தியைத் தேடிப் பிடித்தேன். அதன் மேல் இருந்த என் கட்டைவிரலை அழித்தேன். பிறகு அதற்குப் பதில் எழுதினேன். அரை வருடத்துக்கு மேல் தாமதம்.

"புது வேலைக்கு வாழ்த்துகள்மா. வீடு அழகா இருக்கு. ஜன்னல்ல தெரியுதே, அது என்ன சர்ச்? எனக்குத் தெரியாது. சொல்றியா?"

அனுப்பியதும் உள்அறையில் அவள் ஃபோன் ஒலித்தது. பேச்சுச் சத்தம் நின்றது. நான் சர்ச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு என் ஃபோனில் பதில் வந்தது.

ஒரு கட்டைவிரல்.

எனக்கு இது வேண்டும்தான். வெறும் கட்டைவிரல் வருகிறபோது இப்படித்தான் இருக்கும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே ஆளில்லை என்கிற மாதிரி. இதைத்தான் நான் அவளுக்கு எட்டு மாதம் அனுப்பிக்கொண்டிருந்தேன். கண் நிறைந்துவிட்டது. காபிக் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன், சமையலறையில் என்னைத் தவிர யாரும் இல்லாதபோதும்.

ஃபோன் மறுபடி ஒலித்தது.

"நாளைக்கு ரெண்டு மணி. நீங்க என் லெஃப்ட் சைடுல வரணும். மெதுவா நடங்க. சர்ச் பத்தி நடக்கும்போது சொல்றேன்."

பழக்கத்தில் விரல் கட்டைவிரல் படத்தின் மேலேயே போய் நின்றது. அழுத்தவில்லை. ஃபோனை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து அவள் இருந்த உள்அறைக்குப் போனேன்.